பிரெட்னிசோலோன் மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைசோலோன், ஓம்னாகார்டில் போன்ற பெயர்களில் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையைப் பற்றிய பக்கம் இது. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இதைச் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே உள்ள அளவுகள் புரிதலுக்காக. உங்களுக்கான அளவு உங்கள் மருத்துவச் சீட்டில் இருப்பதுதான்.

ஸ்டீராய்டு என்கிறார்களே, இது உடம்பில் என்ன செய்கிறது?

சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பிரெட்னிசோலோன் அதன் செயற்கை உறவினர். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலின் வேலையைச் சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோன் செய்துவிடும். அப்படியானால் 40 மி.கி. சாப்பிடுபவரின் உடம்பில் இயல்பைவிடப் பல மடங்கு ஹார்மோன் ஓடுகிறது. மருந்தின் பலனும் பக்கவிளைவும் இந்த ஒரே காரணத்திலிருந்துதான் வருகின்றன.

அந்த அளவில் இது நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைக் குறைத்து வீக்கத்தை அடக்குகிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாக கார்டிசோன் ஊசி போட்டார்கள். படுக்கையிலிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். அந்த ஆய்வுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரிய வந்தது.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் பயன்படுத்தும் ஸ்டீராய்டு வேறு வகை. இது தசையை வளர்க்காது, கரைக்கும்.

வேறு ஸ்டீராய்டு மாத்திரையிலிருந்து இதற்கு மாற்றினால் கணக்கு என்ன?

5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு இணையானவை: மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்ளாசாகார்ட் 6 மி.கி., ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி., டெக்சாமெத்தசோன் சுமார் 0.75 மி.கி. அரை மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை சின்னதாக இருப்பதால் "கம்மி டோஸ்தானே" என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் வீரியம் மில்லிகிராம் கணக்கில் பிரெட்னிசோலோனைப் போல ஆறேழு மடங்கு.

எந்தெந்த நோய்களுக்கு இதைத் தருகிறார்கள்?

ஆஸ்துமா திடீரென்று முற்றும்போது பெரியவர்களுக்கு 40 மி.கி. வரை 5 முதல் 7 நாட்கள். முகவாதம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), குடல் அழற்சி, பெம்ஃபிகஸ் போன்ற கொப்புள நோய்கள், உறுப்பு மாற்று சிகிச்சை ஆகியவற்றில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் போகும். முடக்குவாதத்தில் மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்த அளவில் ஒரு பாலமாகத் தருவார்கள்.

தொழுநோயாளிகளுக்கு சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ நரம்பு வீங்கி, கை கால் மரத்து, விரல்கள் மடங்கத் தொடங்கினால் பிரெட்னிசோலோன்தான் நரம்பைக் காப்பாற்றும் மருந்து. 40 மி.கி.-இல் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30, 20, 15, 10, 5 என்று குறைத்து 12 வாரங்கள் தருவது வழக்கமான முறை. இங்கே தாமதம் செய்தால் போன நரம்பு திரும்பாது.

காசநோய் மூளை உறையைத் தாக்கும்போதும், காசநோய் மருந்துகளோடு சேர்த்து ஸ்டீராய்டு தரப்படும்.

எப்போது சாப்பிட வேண்டும்?

காலை உணவுக்குப் பின், எட்டு மணி வாக்கில், முழு அளவையும் ஒரே தடவையாக. உடம்பு இயல்பாகக் கார்டிசாலை அதிகம் சுரப்பதும் காலையில்தான். மாலையில் சாப்பிட்டால் தூக்கம் கெடும், அட்ரீனல் சுரப்பியும் சீக்கிரம் தூங்கிப்போகும். இரண்டு வேளையாகப் பிரித்துத் தரப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல பிராண்டுகள் தண்ணீரில் கரையும் மாத்திரைகள். குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கசப்பாக இருக்கும், பின்னால் கொஞ்சம் தேனோ பாலோ கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் வேண்டாம்.

கூடவே பான்டோபிரசோல் போன்ற வயிற்று மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. ஆஸ்பிரின், டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு அவசியம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அன்றைக்குள் ஞாபகம் வந்தால் உடனே சாப்பிடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய அளவு மட்டும். இரண்டு நாள் அளவைச் சேர்த்துப் போட வேண்டாம்.

நோய் சரியாகிவிட்டது. ஏன் உடனே நிறுத்தக் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். மூன்று நான்கு வாரங்கள் இப்படி நடந்தால் அட்ரீனல் சுரப்பி சுருங்கத் தொடங்கும். அந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பில் கார்டிசாலும் இல்லை, மாத்திரையும் இல்லை. எழுந்திருக்க முடியாத அசதி, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, எழுந்தால் தலைசுற்றல் என்று ஆரம்பித்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பார்ப்பவர்களுக்கு இது சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரி தெரியும், அதனால்தான் தவறிப்போகிறது.

நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. "ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்கும்" என்று யாரோ சொல்லி, பயந்து நிறுத்துபவர்கள். அட்டை தீர்ந்துபோய், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள். முதல் வகையினர் பயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் குறைக்கும் திட்டம் போடுவார். இரண்டாவது வகையினர் கையில் எப்போதும் குறைந்தது ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கும்படி வாங்கி வையுங்கள். ஊருக்குப் போகும்போது மாத்திரையை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

மூன்று வாரத்துக்கும் குறைவாக, 40 மி.கி. அல்லது அதற்குக் கீழே சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம். அண்மையில் பல தடவை இதுபோன்ற கோர்ஸ் எடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

எப்படிக் குறைப்பார்கள்?

நோயைப் பொறுத்தது. பொதுவாக 20 மி.கி.-க்கு மேல் இருக்கும்போது ஒன்றிரண்டு வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை வேகமாகக் குறைக்கலாம். 20-க்கும் 10-க்கும் நடுவே 2.5 மி.கி. படிகள். 10-க்குக் கீழே வந்த பிறகுதான் நிதானம் வேண்டும். சில நோய்களில் மாதத்துக்கு 1 மி.கி. என்ற அளவில்தான் இறங்குவார்கள். கடைசி 5 மி.கி.-தான் பலருக்கும் கடினமான பகுதி, ஏனென்றால் அங்கேதான் சொந்த அட்ரீனல் வேலையை ஏற்க வேண்டும்.

குறைக்கும்போது மூட்டுவலி, உடம்புவலி, சோர்வு வருவது உண்டு. அது நோய் திரும்பியதா, மருந்து குறைந்ததன் விளைவா என்பதை ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற, அழற்சியை அளக்கும் ரத்தப் பரிசோதனைகளும் மருத்துவரின் பரிசோதனையும் பிரித்துக் காட்டும். நீங்களே பழைய அளவுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அட்ரீனல் விழித்ததா என்று பார்க்கக் காலை எட்டு முதல் ஒன்பது மணிக்குள் ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். முந்தைய மாத்திரை சாப்பிட்டு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அன்றைய மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு. பல ஆய்வக முறைகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசாலாக எண்ணிவிடும், அதனால் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போனால் பொய்யாக நல்ல எண் வரும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிறுத்துவதற்கு நல்ல அறிகுறி, 5-க்குக் கீழே இருந்தால் சுரப்பி இன்னும் தூக்கத்தில் இருக்கிறது.

காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை வந்தால் என்ன செய்வது?

நோய்வாய்ப்படும்போது ஆரோக்கியமான உடம்பு கார்டிசாலைக் கூட்டிச் சுரக்கும். உங்கள் உடம்பால் அது முடியாது, ஆகவே நீங்கள்தான் கூட்ட வேண்டும். தினமும் 10 மி.கி.-க்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல் உள்ள நாட்களில் காலை 5, மாலை 5 என்று மொத்தம் 10 மி.கி.-க்கு உயர்த்துவது பொதுவான வழிகாட்டுதல். ஏற்கெனவே 10 அல்லது அதற்கு மேல் சாப்பிடுபவர்கள் அதே அளவை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் போதும். உங்களுக்கான எண்ணை மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலோடு யோசிக்கக் கூடாது.

மாத்திரை சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பச் சாப்பிடுங்கள். மறுபடியும் வாந்தி என்றால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனை போங்கள். "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், இத்தனை மாதமாக, இத்தனை மி.கி." என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும்தான் அங்கே தேவைப்படும்.

அறுவை சிகிச்சைக்கு முன் "வெறும் வயிற்றோடு வாங்க" என்று சொன்னால், அது இந்த மாத்திரையையும் விடச் சொல்வதாகாது. மயக்க மருந்து நிபுணரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

விரதமும் நோன்பும் இதே கணக்கில்தான் வரும். உணவைத் தள்ளலாம், மாத்திரையைத் தள்ளக் கூடாது. நோன்பு இருப்பவர்கள் சஹருக்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 95தான் இருக்கிறது. பிறகு ஏன் சர்க்கரை நோய் என்கிறார்கள்?

காலையில் சாப்பிடும் பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலை வரைதான் சர்க்கரையை ஏற்றும். இரவில் அது இறங்கிவிடும். காலை ஏழு மணிக்கு 95 காட்டிய அதே ஆளுக்கு மாலை நான்கு மணிக்கு 280 இருக்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்தால் இது கண்ணில் படாது. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது இரவு உணவுக்கு முன் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் முதல் சில வாரங்களில் அதை நம்ப முடியாது.

ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களுக்கு இரண்டு இடங்களில் சிக்கல் வரும். மாலைச் சர்க்கரையைப் பார்த்து இரவு நீண்ட நேர இன்சுலினைக் கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினைக் குறைக்க மறந்தாலும் அதேதான். ஒவ்வொரு முறை டோஸ் மாறும்போதும் சர்க்கரை மருந்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

முதல் சில வாரங்களில் வேறென்ன எதிர்பார்க்கலாம்?

பசி அடங்காது. தூக்கம் குறையும். சிலருக்கு அளவுக்கு மீறிய உற்சாகம், சிலருக்கு எரிச்சல், அழுகை. தினமும் 40 மி.கி.-க்கு மேல் போகும்போது மனக்குழப்பம் வரும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் ஒருவர் திடீரென்று தூங்காமல், நிறுத்தாமல் பேசுகிறார், சந்தேகப்படுகிறார் என்றால் குணம் மாறிவிட்டது என்று சண்டை போடாதீர்கள். அது மருந்தின் வேலை, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிபி ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றைக் குறைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

முகம் உப்பிப்போகிறது. நிரந்தரமா?

இல்லை. கொழுப்பு முகத்திலும் பின்கழுத்திலும் வயிற்றிலும் இடம் மாறிச் சேர்கிறது. அளவு குறைந்த சில மாதங்களில் முகம் பழைய நிலைக்கு வரும். வயிற்றிலும் தொடையிலும் விழுந்த ஊதாக் கோடுகள் மங்கும், முழுவதும் மறையாது. பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் மாத்திரையைத் திருட்டுத்தனமாக நிறுத்துவதற்கு முதல் காரணம் இந்த முகம்தான். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது பெருமளவு தவிரும்.

எலும்புக்கு என்ன ஆகும்?

முதல் ஆறு மாதங்களில்தான் எலும்புத் தேய்மானம் மிக வேகம். "கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது இங்கே பொருந்தாது. மூன்று மாதங்களுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் முதல் நாளிலிருந்தே உணவும் மாத்திரையும் சேர்த்துத் தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி தேவை. ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மி.கி., 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லது. வாரம் ஒன்று என்று தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி, குறிப்பிட்ட வாரங்களுக்கானது. அதை வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது நல்லது. முறிவு அபாயம் அதிகம் என்றால் எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒருமுறை 70 மி.கி. தருவார்கள். அதை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், முழு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

இதோடு சேராத இன்னொரு ஆபத்து, இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாவது. கவட்டியில் வலி, நடந்தால் கூடும், லேசாக நொண்டல். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.-தான் காட்டும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் கவட்டி வலி நீடித்தால் விடாதீர்கள்.

தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை என்றால் அது தசை பலவீனம். தினசரி நடையும் போதிய புரதமும் உதவும், அளவைக் குறைப்பதுதான் உண்மையான தீர்வு.

கண் பரிசோதனை அவசியமா?

அவசியம். வருடத்துக்கு ஒருமுறை, குடும்பத்தில் கண் அழுத்த நோய் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்டீராய்டு கண்புரை லென்ஸின் பின்பகுதியில் வரும், எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும். கண் அழுத்தம் ஏறுவதோ எந்த அறிகுறியும் காட்டாது.

தொற்று நோய்கள் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி பரிசோதனை. தினம் 15 மி.கி. ஒரு மாதத்துக்கு மேல் போனால் உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோய் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் மறைக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேலான இருமல், எடை குறைவு இருந்தாலே சளிப் பரிசோதனை செய்யுங்கள்.

வெறுங்காலோடு வயலிலும் மண்ணிலும் வேலை செய்பவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் அது பெருகி உடம்பெங்கும் பரவினால் உயிர் போகலாம். நீண்ட கோர்ஸுக்கு முன் ஐவர்மெக்டின் தேவையா என்று கேளுங்கள். சாதாரணப் பூச்சி மருந்து ஒரு வேளை போட்டது இதற்குப் போதாது.

சின்னம்மை வராதவர்கள், தடுப்பூசியும் போடாதவர்கள், வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் பிரெட்னிசோலோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் இரண்டு வாரமாகச் சாப்பிடுபவர்களுக்கு எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் தாராளமாகப் போடலாம், போட வேண்டும்.

குழந்தைக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

இது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிட்டு உடம்பு வீங்கும் நோய். முதல் தடவைக்குக் கிலோவுக்கு 2 மி.கி. (அதிகபட்சம் 60) தினமும் 6 வாரம், பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. (அதிகபட்சம் 40) ஒன்றுவிட்டு ஒரு நாள் 6 வாரம் என்பது இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் பின்பற்றும் முறை.

தினமும் காலை முதல் சிறுநீரில் புரதம் பாருங்கள். புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் இல்லையென்றால் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்டிக் கொதிக்க விடுங்கள். மேலே வெள்ளையாகக் கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு வினிகர் விடுங்கள். கலங்கல் தெளிந்துவிட்டால் அது வெறும் உப்பு. தெளியாமல் நின்றால் புரதம். தேதி, புரத அளவு, மாத்திரை எண்ணிக்கை மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 3+ (புரதம் மிக அதிகம் என்ற குறி) வந்தால் நோய் திரும்பிவிட்டது. வீக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரம் அளந்து அதே நோட்டில் குறியுங்கள். வளர்ச்சி நின்றிருப்பது அதில்தான் தெரியும்.

எந்த மருந்துகளோடு சேரக் கூடாது?

ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனை வேகமாக வெளியேற்றிவிடும், ஆகவே காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டி வரும். வலிப்பு மாத்திரைகளான ஃபெனிடாயின், கார்பமசெபினும் அப்படியே. பூஞ்சை மருந்தான இட்ராகொனசோல் எதிர்த்திசையில், ஸ்டீராய்டின் வீரியத்தைக் கூட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இருமலுக்கு அதிமதுரம் கஷாயம் தினமும் குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கார்டிசால் சிதைவைத் தடுத்து, பிபியை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டும் அதையேதான் செய்கிறது.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

நோய்க்குத் தேவையென்றால் சாப்பிடலாம். நஞ்சுக்கொடி பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் சிசுவுக்குப் போவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். சர்க்கரையும் பிபியும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். பாலூட்டவும் தடையில்லை.

மூட்டுவலிக்கு ஒரு பொடி வாங்கினோம், ஒரே நாளில் வலி போய்விட்டது. நல்ல மருந்துதானே?

லேபிள் இல்லாத பொட்டலம், பெயர் சொல்லாத மாத்திரை, ஒரே நாளில் வலி போவது, கூடவே பசியும் முகப் பருமனும். இவை சேர்ந்து வந்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்து ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், அட்ரீனல் தூங்கியிருக்கும். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், காலை கார்டிசால் பார்த்து அவர் முடிவு செய்வார்.

போன தடவை மிச்சமான மாத்திரை இருக்கிறது. மறுபடியும் மூச்சுத் திணறினால் போடலாமா?

மருத்துவர் எழுத்துமூலம் அவசரத் திட்டம் கொடுத்திருந்தால், அதில் உள்ள அளவில், அதில் உள்ள நாட்களுக்குப் போடலாம், அன்றே அவருக்குத் தகவலும் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்குவதும் இதில் சேரும். வருடத்தில் நான்கைந்து சின்ன கோர்ஸ் ஆனாலே எலும்பும் அட்ரீனலும் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். அப்படி அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் தினசரி இன்ஹேலரின் அளவோ அதை இழுக்கும் முறையோ சரியில்லை. அதைத்தான் முதலில் மருத்துவரிடம் செய்து காட்டிச் சரிபார்க்க வேண்டும்.